பொடி எழுத்தில் ஓடும் அந்த ஒரு வரி

தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சிகளைத் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். ‘இதில் வரும் கருத்துகள் பங்கேற்பாளர்களின் சொந்தக் கருத்துகள், நிறுவனம் பொறுப்பல்ல’ என்று திரையில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓட்டுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கருத்து அவருடையது, சரி. ஆனால் அவரை அழைத்தது நீங்கள். கேள்வியை எழுதியது நீங்கள். மணிக்கணக்கில் பேசியதில் எந்த இருபது நொடியை ப்ரோமோவில் போட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று பொறுக்கி எடுத்ததும் நீங்கள்தான். (அந்த ப்ரோமோவைப் பார்த்துவிட்டு டிவி முன்னால் உட்காருகிறவர்களில் நானும் ஒருவன். மறைக்கவில்லை.)

2019 ஜனவரியில் ஒளிபரப்பான, இந்திப் பட இயக்குநர் கரண் ஜோஹரின் ‘காஃபி வித் கரண்’ நிகழ்ச்சிக்குக் கிரிக்கெட் வீரர்கள் ஹர்திக் பாண்டியாவும் கே.எல்.ராகுலும் வந்தார்கள். பெண்களைப் பற்றிப் பாண்டியா பேசியது பெரும் கொந்தளிப்பானது. கிரிக்கெட் வாரியம் இருவரையும் இடைநீக்கம் செய்து, ஆஸ்திரேலியத் தொடரின் நடுவிலேயே திருப்பி அனுப்பியது. பிறகு ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம். ஹாட்ஸ்டாரிலிருந்தும் அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டார்கள். பேசியதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அது நேரலை இல்லையே! பதிவு செய்து, வெட்டி ஒட்டி, அதன் பிறகு ஒளிபரப்பிய நிகழ்ச்சி. எடிட்டிங் மேசையில் இருந்தவர்கள் அதைக் கேட்காமலா இருந்திருப்பார்கள்? தன் நிகழ்ச்சி என்பதால் தனக்கும் பொறுப்பு உண்டு என்று கரண் ஜோஹர் பின்னால் சொன்னார். அந்த அளவுக்காவது ஒப்புக்கொண்டாரே.

இதிலாவது பேசியவர் மானம் போனதோடு முடிந்தது. கருத்து என்ற பெயரில் தவறான தகவல் வரும்போது, பார்க்கிறவன் தலையில் விடிகிறது. 2007இல் அமெரிக்காவின் ஓப்ரா வின்ஃப்ரே நடத்திய பேட்டி நிகழ்ச்சியில் நடிகை ஜென்னி மெக்கார்த்தி, தன் மகனின் ஆட்டிசத்துக்குத் தடுப்பூசியைக் காரணம் காட்டிப் பேசினார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிக்கையும் அங்கே வாசிக்கப்பட்டது. இரண்டு தரப்பையும் சொல்லியாயிற்று என்று கணக்குக் காட்ட அது போதும். ஆனால் ஒரு பக்கம் தன் குழந்தையைப் பற்றிப் பேசும் தாய், இன்னொரு பக்கம் ஒரு துண்டுக் காகிதம். எது மனதில் நிற்கும்? அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பயம் இன்னும் போகவில்லை.

இப்படிப்பட்டவர்களைக் கூப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரபலங்களை நல்ல பிள்ளைகளாக மட்டும் காட்டினால் யார் பார்ப்பார்கள்? 2017இல் பிபிசி வானொலியில் பிரிட்டனின் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன், பத்தாண்டுகளில் உலக வெப்பநிலை சற்றுக் குறைந்திருக்கிறது என்றார். அது உண்மையில்லை. போதிய எதிர்க்கேள்வி கேட்காமல் அதை விட்டது விதிமீறல் என்று ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் மறு ஆண்டு தீர்ப்பளித்தது. நான் கேட்பதும் அந்த எதிர்க்கேள்வியைத்தான். ‘அப்படியா!’ என்று சிரித்துவிட்டு விளம்பர இடைவேளைக்கு ஓடாதீர்கள். நடிகர் மருத்துவம் பேசப்போகிறார் என்று தெரிந்தால், பக்கத்திலேயே ஒரு மருத்துவரையும் உட்கார வையுங்கள்.

தவறான தகவல் போய்விட்டதா? திருத்தத்தை அதே நெறியாளர், அதே நேரத்தில், தன் வாயால் சொல்லட்டும். அந்த ப்ரோமோ எத்தனை தடவை ஓடியதோ அத்தனை தடவை திருத்தமும் ஓடட்டும். அப்புறம் அந்தப் பொடி எழுத்து வரியைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நேயர்களில் ஒருவன்