பிரான்ஸின் லியோனிலிருந்து, பண்ணைக்காரர் மகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் அப்பத்தாவும் நலம்தானே? போன ஞாயிறு ஃபோனில் "அங்க முட்டை என்ன விலை கண்ணு"ன்னு கேட்டீர்கள், பதில் சொல்வதற்குள் அம்மா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விலை முதலில். நான் வாங்கும் டப்பா ஆறு முட்டை, இரண்டு யூரோவுக்குக் கொஞ்சம் மேல். ரூபாயில் கணக்குப் போடாதீர்கள், ராத்திரி தூக்கம் வராது. இங்கே கடையில் பெரும்பாலும் தட்டுக் கணக்கில் வாங்குவதில்லை, ஆறு, பத்து, பன்னிரண்டு என்றுதான் வாங்குவார்கள். முப்பது முட்டைத் தட்டை அடுக்கி அடுக்கி லாரியில் கேரளாவுக்கு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஆறு முட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லாவில் நிற்க முதலில் வெட்கமாகத்தான் இருந்தது.

ஓடு எல்லாம் பழுப்பு. வந்த புதிதில் நாட்டுக்கோழி முட்டை என்று நினைத்து ஏமாந்தேன், கோழி இனம் அப்படி, அவ்வளவுதான். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு எண் அச்சடித்திருக்கிறார்கள். 0 என்றால் இயற்கைத் தீவனம், 1 என்றால் வெளியே மேயவிட்டது, 2 என்றால் கொட்டகைக்குள் தரையில் வளர்த்தது, 3 என்றால் கூண்டு. பக்கத்தில் எஃப்ஆர் என்று நாட்டின் பெயர், அப்புறம் பண்ணையின் குறி. நம் முட்டை இங்கே வந்தால் என்ன எண் போடுவார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். 3 கூடக் கிடைக்காது அப்பா. நம் மாதிரிக் கூண்டை 2012-லேயே ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள், இங்கே 3 போடும் கூண்டு இன்னும் அகலம், உள்ளே கோழி ஏறி உட்காரக் கட்டை இருக்கும். நான் 1 தான் வாங்குகிறேன். என் காலேஜ் ஃபீஸ் முழுக்க அந்தக் கூண்டுகள் கட்டியது, இங்கே வந்து 1 பார்த்து எடுக்கிறேன், ஒவ்வொரு தடவையும் உங்கள் முகம் ஞாபகம் வரும். உங்களிடம் மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதினேன்.

சரி, சமையல். நான் இருக்கும் க்ருவா ரூஸ் மேட்டில் ஒரு காலத்தில் பட்டு நெசவாளர்கள் குடியிருந்தார்கள், தறி நிற்பதற்காக வீட்டுக்கூரை நாலு மீட்டர் உயரம் (நம் பள்ளிபாளையத்துத் தறிக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள், குளிர்காலத்தில் அந்த உயரத்துக்கு அறை சூடேறுவதற்குள் நான் படும் பாடு தெரியாமல்). கீழே பெரிய சாலையில் திங்கள் தவிர தினமும் காய்கறிச் சந்தை. அங்கே ஒரு பாட்டி கீரைக்கட்டு மாதிரி நாலு விதத் தழை கட்டி விற்கிறார். பெர்சி, கொத்தமல்லி மாதிரியே இருக்கும், நான் அதைப் போட்டு ஒரு நாள் ரசம் வைத்தேன், அதைப் பற்றிப் பேச வேண்டாம். சிபூலெத், மெல்லிய வெங்காயத்தாள். செர்ஃபோய், எஸ்திராகோன் இரண்டிலும் சோம்பு வாசனை, எஸ்திராகோனில் தூக்கலாக இருக்கும். தனியாகத் தைம் என்று ஒன்று, அதன் குச்சியைக் கசக்கினால் ஓமம். நம் கிணற்றடி கற்பூரவள்ளியும் அதே ஜாதி வாசனைதான். முதல் நாள் சந்தையிலேயே நின்று மோந்துகொண்டிருந்தேன், பாட்டி காசே வாங்காமல் ஒரு கொத்து கொடுத்துவிட்டார்.

இதை வைத்து இங்கே 'ஓ கொகோத்' செய்வார்கள். கொகோத் என்றால் மூடி போட்ட சட்டி, சின்னக் குழந்தைகள் கோழியையும் கொகோத் என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளங்கை அளவு பீங்கான் கிண்ணத்தில் வெண்ணெய் தடவி, இரண்டு ஸ்பூன் கெட்டிக் க்ரீம், நறுக்கிய எஸ்திராகோன் கொஞ்சம், உப்பு, மிளகு. உப்பை அடியிலேயே போட வேண்டும், மஞ்சள் கரு மேல் தூவினால் வெள்ளைப் புள்ளி விழும். மேலே முட்டையை உடையாமல் ஊற்றி, ஆழமான தட்டில் கிண்ணத்தை வைத்து, பாதி உயரம் வரை கொதிநீர் விட்டு, 180 டிகிரி சூடான ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். முதல் தடவை தண்ணீர் எதற்கு என்று அலட்சியமாக விட்டுவிட்டு, 220-ல் வைத்தேன். ஓரம் ரப்பர், நடுவில் கோலிகுண்டு. வெள்ளைக்கரு அறுபது டிகிரி தாண்டியதுமே இறுக ஆரம்பித்துவிடும், தண்ணீர் இருந்தால் சூடு நூறுக்கு மேல் போகாது, அதனால் நிதானமாக வேகும். கிண்ணத்தை ஆட்டினால் வெள்ளை நின்று நடுவில் மட்டும் தளதளவென்று ஆடும்போது வெளியே எடுத்துவிட வேண்டும், கிண்ணத்துச் சூட்டிலேயே மீதி வேகும். தைம் போடுவதானால் ஆரம்பத்திலேயே, சிபூலெத்தை இறக்கிய பிறகு. ரொட்டியை விரல் நீளத்துக்கு வெட்டி, கருவில் முக்கிச் சாப்பிடுவது.

முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது கலக்கி அப்பா! பரமத்தி ரோட்டுப் பரோட்டாக் கடையில் நீங்கள் ராத்திரி அம்மாவுக்குத் தெரியாமல் எனக்கு வாங்கித் தருவீர்களே, தோசைக்கல்லில் ஊற்றி அரைவேக்காட்டில் சுருட்டி எடுக்கும் அதே வழவழப்பு. சால்னா இருந்த இடத்தில் க்ரீம், அவ்வளவுதான் வித்தியாசம். காரம் போதவில்லை, நான் மிளகை இரண்டு மடங்கு போட்டுக்கொள்கிறேன்.

நம் வீட்டில் நல்ல முட்டை வாசலோடு போய்விடும், அடுக்களைக்கு வருவது உடைசல்தான். ஒரு கீறல் இல்லாத முட்டையை எடுத்து, எனக்கென்று ஒன்றே ஒன்றை, பன்னிரண்டு நிமிஷம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு சமைப்பேன் என்று நினைத்ததே இல்லை.

ஓவன் இல்லையே என்று அம்மா சொல்வார். இட்லிச் சட்டி போதும். சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் வெண்ணெய் தடவி, க்ரீமுக்குப் பதில் பாலாடை, ஒரே ஒரு கற்பூரவள்ளி இலையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், இரண்டு போட்டால் கஷாயம். நடுத் தீயில் நாலு நிமிஷம் கழித்துத் திறந்து பாருங்கள், மூடியில் கோத்த தண்ணீர் உள்ளே சொட்டாமல். அப்பத்தாவுக்கு மட்டும் கரு நன்றாக இறுகட்டும். கொத்தமல்லி கடைசியில். வெள்ளிக்கிழமை வேண்டாம், வீட்டில் சண்டை வரும்.

உடைசல் முட்டையில் செய்யாதீர்கள், அன்றைக்கு இட்டதில் செய்யுங்கள். ஒரு நாளைக்கு நாலு முட்டை விற்காமல் போனால் பண்ணை ஒன்றும் முழுகிவிடாது. இரண்டாவது ஷெட்டுக்குத் தகரம் மாற்றியாகிவிட்டதா? அடுத்த ஞாயிறு ஃபோனை அம்மாவிடம் கொடுப்பதற்கு முன்னால் அதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கண்ணு