திருப்பணி நிறைவு அறிக்கை: மண்டபக் குசினியும் ஒழுங்கைப் பக்க வாசலும்

அன்பான சபையாருக்கு,

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மண்டபத்துக் குசினியைத் திருத்திக் கட்டி, ஒழுங்கைப் பக்கமாக ஒரு வாசல் திறக்கும்படி நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த வேலை முடிந்துவிட்டது. வரவு செலவு முழுவதையும் பற்றுச்சீட்டுகளோடு அறிவித்தல் பலகையில் போட்டிருக்கிறோம். ஆறுதலாகப் பாருங்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

இந்த வேலை எங்கே தொடங்கியது என்பது உங்களுக்கு மறந்திருக்காது. 2022 இல், நாட்டின் பொருளாதார நெருக்கடியில், எரிவாயு சிலிண்டருக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்றோம். அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தைய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் ஏறக்குறைய 195 ரூபாய் ஆகிவிட்டது. புறக்கோட்டையில் வண்டி இழுக்கும் நாட்டாமிமாரும், வீட்டு வேலைக்குப் போகும் அம்மாமாரும் ஒரு நேரச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த காலம் அது. மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தகரத்தைச் சாய்த்து, மூன்று கல் வைத்து, அவர்களுக்காக விறகில் சமைக்கத் தொடங்கினோம். சில மாதம் செய்தால் போதும் என்றுதான் அன்று நினைத்தோம். விலை ஏறுவது நின்றது, ஏறிய விலை இறங்கவில்லை. அதனால் அடுப்பும் அணையவில்லை.

வாசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்த பிறகு, நாமும் முன் கேற்றைப் பூட்டிவைக்கப் பழகினோம். காவலுக்கு ஆள் வைத்தோம், பைகளைத் திறந்து பார்த்தோம். அது அவசியமாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வருகிறவர் அந்தக் கேற்றடியில் வந்து தயங்கி நின்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "சாப்பாட்டுக்கு" என்று தெருவில் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். சிலர் சொல்லாமலே திரும்பிப் போனார்கள். பசித்தவரிடம் பசியை வாய்விட்டுச் சொல்லவைத்துவிட்டு, "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்" என்று சொல்லும் மத்தேயு 25 ஆம் அதிகாரத்தை நாம் எப்படி வாசிப்பது? குழுவுக்குள் ஒரே கருத்து இருக்கவில்லை. பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர்களின் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனால் புது வாசல் குசினிக்கும் மண்டபத்துக்கும் மட்டும் திறக்கும். ஆலயத்துக்குப் போகும் நடுக்கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டிருக்கும். இப்போது ஒழுங்கையால் வருகிறவர் நேரே வந்து வாங்கில் இருக்கலாம். படிக்குப் பதிலாகச் சரிவு வைத்திருக்கிறோம். முதல் சனிக்கிழமையே, ஊன்றுகோலோடு வரும் ஒரு பாட்டி யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறி வந்தார். "இது எங்கட வாசல் மாதிரி இருக்கு" என்றார்.

குசினியில் ஒரு தவறு நடந்தது. அதை மறைக்கக் கூடாது. தரையின் சரிவைப் பிழையாகப் போட்டுவிட்டார்கள். கிடாரம் கழுவிய தண்ணீர் வடிகானுக்குப் போகாமல் அடுப்படியில் தேங்கியது. கஞ்சித் தண்ணீர் ஊறிய தரையில் யாராவது வழுக்கி விழுந்தால் என்ன ஆவது? காசு கொடுக்கும் முன் நாங்கள் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மூலைத் தரையை உடைத்து மறுபடி போட்டதில் நாளும் போனது, காசும் போனது. இப்போது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால், நேரே வடிகானைத் தேடி ஓடுகிறது. புகைக்குப் பெரிய யன்னலும் இருப்பதால், சமைக்கிற அக்காமார் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சாப்பாடு சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, சம்பல் என்றே தொடரும். இறைச்சி வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் செலவு மட்டுமல்ல. பின்னால் உள்ள தோட்டக் குடியிருப்பில் சைவக்காரரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருக்கிறார்கள். யாரும் இலையைப் பார்த்து யோசிக்காமல் கைவைக்க வேண்டும். வாசற் பலகையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. சாப்பிட வருகிறவரிடம் பெயரோ மதமோ கேட்பதில்லை, துண்டுப் பிரசுரமும் கொடுப்பதில்லை. ஜெபிக்கச் சொல்லி அவர்களாகக் கேட்டால், குருவானவர் பக்கத்தில்தான் இருப்பார்.

அப்புறம், மாலையில் அதே மண்டபம் படிக்கிற பிள்ளைகளுக்கு. ஒரே அறையில் முழுக் குடும்பமும் இருக்கும் வீடுகளில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை கொப்பியை விரிக்க இடம் கிடையாது. நல்ல வெளிச்சமும் மேசையும் போட்டிருக்கிறோம். கணிதம் சொல்லிக்கொடுக்க இன்னும் ஆள் வேண்டும்.

கூரைப் பீலி மட்டும் மாற்றவில்லை, அதற்குக் காசு போதவில்லை. அடுத்த மழைக்கு முன் அதைச் செய்ய வேண்டும். சாமானாகவும் வேலையாகவும் காசாகவும் தந்த எல்லாருக்கும், வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு சீமெந்து மூட்டைகளை இறக்கிவிட்டுப் போன ஒழுங்கைக் கடைக்காரருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

புது வாசலின் ஒரு சாவி குருமனையிலும் மற்றது பெண்கள் ஐக்கியத்திலும் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை மரக்கறி வெட்டக் காலை ஆறு மணிக்கு ஆட்கள் தேவை. கத்தியைக் கையோடு கொண்டு வாருங்கள்.

திருப்பணிக் குழுவினர்