டியூப் எடுத்த பிறகு

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

தங்கச்சி போன் செய்தாள். புதுக் கிட்னி வேலை செய்கிறது, டியூப்பில் மாட்டிய பை நிறைய சிறுநீர் இறங்குகிறது என்றாள். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. அந்தச் சிறுநீர் டியூப்பை எடுக்கப் போவதை நினைத்து நீ தூங்காமல் கிடக்கிறாயாம். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

எடுப்பது பெரிய காரியமே இல்லை. டியூப் நழுவாமலிருக்க உள்முனையில் சின்ன பலூன் இருக்கும், அதில் 10 மில்லி அளவு தண்ணீர். நர்ஸ் மிஸ்ஸி அதை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்வார். விடும்போதே டியூப் வந்துவிடும். சுருக்கென்று ஓர் எரிச்சல், அவ்வளவுதான்.

அப்புறம் வருவதைத்தான் நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும். டயாலிசிஸில் ரத்தம் கழுவிய வருஷங்களில் நமக்குச் சிறுநீரே சரியாக வரவில்லையே, வேலையில்லாத சிறுநீர்ப்பை சுருங்கிப்போயிருக்கும். புதுக் கிட்னியோ வஞ்சனையில்லாமல் தள்ளும். அரை மணிக்கு ஒரு தரம் எழ வேண்டிவரும், ராத்திரியிலும்தான். போவதற்குள் நாலு சொட்டு சிந்தினாலும் வெட்கப்படாதே, கட்டில் பக்கத்திலேயே போத்தலை வைத்துக்கொள். முதல் சில தடவை எரியும், லேசாகச் சிவந்தும் போகலாம். வாரங்கள் போகப் போகப் பை விரிந்துகொடுக்கும். எனக்கும் அப்படித்தான் சரியானது.

இதற்குப் பயந்து தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதே. இத்தனை காலம் மடக்கு மடக்காக அளந்து குடித்த உனக்கு டாக்டர் சொல்லும் அளவு மலைப்பாக இருக்கும். இருந்தாலும் குடி. வந்தால் அடக்காதே. கிட்னியிலிருந்து வரும் குழாயைப் பையில்தான் தைத்திருக்கிறார்கள், பை உப்பினால் அந்தத் தையலைத்தான் இழுக்கும். ஒவ்வொரு தடவையும் அளந்து தாளில் எழுதிவை. டாக்டர் ரவுண்டு வரும்போது அதைக் கட்டாயம் பார்ப்பார்.

முட்டிக்கொண்டு வந்தும் போக முடியவில்லை, அடிவயிறு உப்புகிறது, ரத்தக்கட்டி வருகிறது, காய்ச்சல், தையல் பக்கம் ஈரம், இதில் எதுவானாலும் அந்த நிமிஷமே மிஸ்ஸியைக் கூப்பிடு. வலியை வாய்விட்டுச் சொல்லாத ஆள் நீ. பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே பார்க்கிறேன். இந்தத் தடவை மட்டும் எனக்காகச் சொல்லிவிடு.

கிட்னிக் குழாய் அடைக்காமலிருக்க உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழல் வைத்திருந்தால் சில வாரம் கழித்து அதையும் கேமராக் குழாய் விட்டு எடுப்பார்கள். அதுவும் சீக்கிரம் முடிந்துவிடும்.

இங்கே கோயில் திருவிழா நெருங்குகிறது. இந்த வருஷம் நீ கூட்டத்துக்குள் வர வேண்டாம், உன் பெயரில் அர்ச்சனையை நான் செய்கிறேன். முக்கியமாக ஒன்று. உன்னைப் பார்க்கக் கோலாலம்பூர் வரும் நம் ஊர்க்காரர்கள் ஈப்போவைத் தாண்டும்போது தம்பூன் பம்பளிமாஸ் வாங்காமல் வர மாட்டார்கள். ஒரு சுளைகூடத் தொடாதே. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க நீ சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும், கிட்னிக்கே கெடுதல். தங்கச்சியிடமும் சொல்லிவை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்