யூவர்ட்டைப் பற்றி, சட்டம் படிக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

மந்திரியாகாமல் ஒருவர் அரசியலில் என்ன கிழித்துவிட முடியும் என்று போன வாரம் கேட்டாய். வக்கீலாகப் போகிற உனக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் யூவர்ட்டைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

1798இல் லிவர்பூலில் பிறந்தவர். அதே பெயர் கொண்ட அவருடைய அப்பா பெரிய வணிகர். அப்பாவின் நண்பர் ஜான் கிளாட்ஸ்டன் தன் மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். பின்னாளில் பிரதமரான வில்லியம் யூவர்ட் கிளாட்ஸ்டன் அந்தப் பையன்தான். நம் யூவர்ட் ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1827இல் லண்டனின் வக்கீல் சங்கங்களில் ஒன்றான மிடில் டெம்பிளில் பாரிஸ்டரானார். மறு வருடமே நாடாளுமன்றம் போனார். நடுவில் கொஞ்ச காலம் தவிர 1868 வரை உறுப்பினர்.

அன்றைய இங்கிலாந்து நீதிமன்றத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார். பத்து பவுண்டு கடன் வழக்கென்றால் உன் வக்கீல் ஜூரியிடம் பேசலாம். திருட்டுக்கோ கொலைக்கோ நீ கூண்டில் நின்றால் அவர் ஜூரியிடம் பேசமுடியாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், சட்ட நுணுக்கம் எழுப்பலாம், அவ்வளவுதான். தன் தரப்பை எழுதப் படிக்கத் தெரியாத கைதியே எடுத்துச் சொல்லவேண்டும், அதுவும் தலை போகிற வழக்கில்! கைதிக்கு நீதிபதியே வக்கீல் மாதிரி என்று அதற்கு ஒரு நியாயம் வேறு. கைதிக்காக வக்கீல் பேசலாம் என்று யூவர்ட் மசோதா கொண்டுவந்தார், தோற்றது. விடாமல் மறுபடி கொண்டுவந்தார். 1836இல் சட்டமானது. நாளை நீ கோர்ட்டில் எழுந்து நின்று செய்யப்போகும் வேலையை அன்று அவர் கேட்டு வாங்கினார். அவர் செய்ததிலேயே பெரியது இதுதான் என்பேன்.

தூக்கிலிடப்பட்டவரின் உடலை இரும்புக் கூண்டில் போட்டு ஊரார் பார்க்கத் தொங்கவிடும் வழக்கத்தை 1834இல் ஒழித்தவரும் அவரே. 1840இல் மரண தண்டனையே வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவந்து தோற்றார்.

ஆனால் இன்று அவரை நினைப்பவர்கள் நூலகத்துக்காகவே நினைக்கிறார்கள். 1849இல் பொது நூலகங்களைப் பற்றி அவர் தலைமையில் ஒரு நாடாளுமன்றக் குழு விசாரித்தது. கொத்தனார் மகனான எட்வர்ட் எட்வர்ட்ஸ், பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்தவர், ஐரோப்பிய நூலகங்களின் கணக்குகளோடு வந்து சாட்சி சொன்னார். மறு வருடம் நூலக மசோதா வந்தபோது கர்னல் சிப்தார்ப் என்ற உறுப்பினர், தனக்குப் படிப்பதே பிடிக்காது, ஆக்ஸ்ஃபோர்டிலேயே வெறுத்தேன் என்று அவையில் பேசினார். கடைசியில் கிடைத்தது பாதிதான். நகராட்சிகள் சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரை பென்னி வரி போடலாம், நூலகக் கட்டடம் கட்டலாம். அந்தப் பணத்தில் புத்தகம் மட்டும் வாங்கக்கூடாது! யூவர்ட் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு, 1855இல் திரும்ப வந்து ஒரு பென்னியாக்கி, புத்தகம் வாங்கவும் வழி செய்தார். அதற்குள் 1852இல் மான்செஸ்டர் நூலகம் திறந்துவிட்டது, எட்வர்ட்ஸ் முதல் நூலகராக.

நம் வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அது 1948ஆம் வருடச் சென்னை மாகாண நூலகச் சட்டத்தில் வந்தது. அதற்காகப் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் லண்டனில் படித்தவர், அந்த நாட்டு நூலகங்களை நேரில் பார்த்தவர்.

1864இல் யூவர்ட் மரண தண்டனையை மீண்டும் கிளப்பினார். அரச ஆணையம் அமைந்தது. 1868இல் பொது இடத்தில் தூக்கிலிடுவது நின்றது. 1869 ஜனவரியில் காலமானார்.

1836 சட்டத்துக்கு முந்தைய அவை விவாதங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் எதிர்த்துப் பேசியவர்களைப் படி. பொங்கலுக்கு வரும்போது, அவர்களுக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று கேட்பேன்.

அன்புடன்,
அண்ணன்