‘பன்னீரில் ஆசிட்’: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பதினெட்டு விநாடிக் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் என் மைத்துனர். நம் கடையின் பின்கட்டு, கொதிக்கிற பால் அண்டா, பக்கத்தில் ‘அசிட் சிட்ரிக்’ என்று எழுதிய வெள்ளை டப்பா. “பன்னீர்ல ஆசிட் ஊத்துறாங்க, பாத்துக்குங்க” என்று ஒரு குரல். நாம் விற்கும் பால்கட்டியைத்தான் பன்னீர் என்கிறார். டப்பா நம்முடையதுதான். மறைத்து வைத்திருந்தால் படம் எடுத்திருக்க முடியாதே.

ஆசிட் என்ற பேச்சைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “அப்பா இருந்தவரைக்கும் எலுமிச்சம்பழம், மகன் வந்ததும் ஆசிட்.” இரண்டு ராத்திரி தூக்கம் போனது. இந்த மடலே அதற்காகத்தான், மறைப்பானேன்.

அப்பா எலுமிச்சம்பழம்தான் பிழிந்தார். பினாங்கு சௌராஸ்தா பசாரிலிருந்து கோணிப்பையில் கட்டி சைக்கிளில் கொண்டுவருவார். அறுத்து அறுத்து அவர் கட்டைவிரல் நகம் வெளுத்தே கிடக்கும். ஆனால் பழம் விலை ஏறுகிற நாட்களில் பக்கத்துச் சீனர் கடையில் வினிகர் வாங்கி ஊற்றியதையும் பார்த்தவன் நான். வினிகரும் அமிலம்தானே? அப்போது யார் கையிலும் கேமரா போன் இல்லை, அவ்வளவுதான்.

சிட்ரிக் அமிலம் என்பது எலுமிச்சையின் புளிப்பேதான். ஷீல என்ற சுவீடன் நாட்டு வேதியியலாளர் 1784-இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். நாங்கள் 20 லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 40 கிராம் எடுத்து, நிறையத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறோம். அதே அளவு புளிப்பைப் பழத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் முப்பது பழம் பிழிய வேண்டும். ஊற்றியதில் பெரும்பகுதி பன்னீர் பிழிந்த தண்ணீரோடு வெளியே போய்விடுகிறது. நீங்கள் வாங்கும் டப்பா பானங்களில் பொருள் பட்டியலைத் திருப்பிப் பாருங்கள். அதே பெயர் அங்கேயும் உட்கார்ந்திருக்கும்.

சரி, அமிலம் ஏன் வேண்டும்? இதை எனக்கே போன வாரம்தான் மகள் விளங்கவைத்தாள். யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கல்லாவில் உட்கார்ந்து, பொட்டலம் மடிக்கிற தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினாள். அந்தத் தாளை இப்போது கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் பார்க்கலாம்.

பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. தனியாக இருக்கும் ஓர் அமினோ அமிலத்துக்கு இரண்டு கை. ஒன்று அமிலக் கை. புளிப்பு குறைந்தால் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை (நேர் மின்னூட்டமுள்ள சின்னத் துகள்) கழற்றிவிட்டு எதிர் மின்னூட்டத்தோடு நிற்கும். மற்றது அமீன் கை. புளிப்பு இருக்கிற இடத்தில் ஓர் அயனியைப் பிடித்துக்கொண்டு நேர் மின்னூட்டத்தோடு நிற்கும். கிளைசின் என்ற மிகச் சின்ன அமினோ அமிலத்தை எடுத்தால், பிஎச் (புளிப்பை அளக்கிற எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2.3 வாக்கில் அமிலக் கை விட ஆரம்பிக்கிறது, 9.6 வாக்கில் அமீன் கையும் விடுகிறது. இடைப்பட்ட இடத்தில் ஒரே துகளில் நேரும் இருக்கும், எதிரும் இருக்கும். இரண்டும் சரிக்குச் சரியாகி மொத்தம் பூஜ்யமாவது 6-க்குப் பக்கத்தில்.

பெப்டைடு என்றால் இவை கைகோத்து நிற்பது. கோத்த கைகளுக்கு அதற்குப் பிறகு மின்னூட்டம் கிடையாது. சங்கிலியின் இரண்டு நுனிகளுக்கும், பக்கவாட்டில் தொங்குகிற சில கிளைகளுக்கும் மட்டும்தான் உண்டு. குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தின் கிளை பிஎச் 4.2 வாக்கில் அயனியை விட்டுவிடும். லைசின் என்ற இன்னொன்றின் கிளை 10.5 வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கேசினில் முதல் ரகம் அதிகம், போதாததற்கு எதிர் மின்னூட்டமுள்ள பாஸ்பேட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் கறந்த பாலில், அதாவது பிஎச் 6.7 அளவில், கூட்டிக் கழித்துப் பார்த்தால் கேசின் எதிர் மின்னூட்டத்தில்தான் நிற்கும். எல்லாத் துகளும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளிவிடும். தள்ளிக்கொண்டிருக்கும் வரைக்கும் அது பால்.

புளிப்பை ஊற்றினால் அயனிகள் போய் அந்த எதிர்க் கைகளில் உட்காருகின்றன. கடன் எழுதி வைக்கிற என் 555 புத்தகக் கணக்கு மாதிரி: பற்று ஒவ்வொன்றாக அடைபட்டு, பிஎச் 4.6 வரும்போது வரவும் பற்றும் சமமாகிறது. மின்னூட்டமே இல்லை என்று அர்த்தமில்லை. நேரும் எதிரும் சமம். தள்ள ஆளில்லாமல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தயிர் உறைவது அங்கேதான். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதால் பன்னீருக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம், 5.3 வாக்கிலேயே திரண்டுவிடும். 4.6-ஐத் தாண்டி இன்னும் நன்றாகக் கீழே இறக்கினால் இந்தத் தடவை நேர் மின்னூட்டம் கூடி, துகள்கள் மறுபடி விலக ஆரம்பிக்கும். ஆக, ‘ஆசிட்டை அள்ளிக் கொட்டுவதால்’ கடைக்காரனுக்கு ஒரு லாபமும் கிடையாது. கொட்டினால் பன்னீர்தான் போகும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். காலையில் குடத்தில் ஊற்றிய பால் உச்சிவெயிலில் மேலே போய்ச் சேருவதற்குள் சில சமயம் திரிந்துவிடும். பாலைக் குறை சொல்லி என்னிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. வெயிலில் கிருமிகள் பெருகி, பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. அங்கே யாரும் டப்பாவைத் திறக்கவில்லை. கணக்கு மட்டும் அதேதான்.

இனி உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது. பத்தொன்பது வருடம் நம் அண்டாவைப் பார்த்துக்கொண்ட அண்ணன் இந்தச் சித்திரையோடு சிவகங்கைப் பக்கம் ஊருக்கே போய்விட்டார். அவருக்கு மானியும் தெரியாது, பிஎச்சும் தெரியாது. கரண்டியில் தண்ணீரை அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். பால் வெள்ளை கலந்து கலங்கலாக இருந்தால் இன்னும் ஒரு கரண்டி புளிப்பு. லேசாகப் பச்சை படிந்து தெளிந்துவிட்டால் “போதும் தம்பி” என்று அடுப்பை அணைத்துவிடுவார். அந்தப் பச்சை பாலில் இயல்பாகவே உள்ள ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் என்று மகள் சொல்கிறாள். அண்ணனுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். அதைச் சரிக்கட்டியது அவர் கண். அவர் இல்லாமல் பழத்தை நம்பி எனக்குத் தொழில் செய்யத் தெரியவில்லை, அதனால்தான் நிறுத்துப் போடுகிற தூளுக்கு மாறினேன்.

புதிதாக வந்த தம்பி ஒரு சனிக்கிழமை ஒரே அண்டாவுக்கு இரண்டு தடவை கரைத்து ஊற்றிவிட்டான். பிஎச் 5-க்கும் கீழே இறங்கிவிட்டது. புரதத்தைச் சேர்த்துப் பிடித்திருந்த கால்சியம் கரைந்து தண்ணீரோடு போய், பன்னீர் புளித்து, கத்தி வைத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதை நான் தொட்டுப் பார்க்காமல் விற்பனைக்கு அனுப்பினேன். தப்பு என்னுடையது, பையனைத் திட்ட வேண்டாம். சாப்பிட்டவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது; நாக்குக்குத்தான் தண்டனை. அன்று வாங்கியவர்கள் ரசீது இல்லாவிட்டாலும் வாருங்கள், வேறு பொட்டலம் தருகிறேன்.

இப்போது ஒரு பிஎச் மானி வாங்கியிருக்கிறோம். தினமும் காலையில் 4.01, 7.00 என்று இரண்டு கரைசலில் முக்கிச் சரிபார்த்த பிறகுதான் அடுப்பு பற்றும். இந்தப் பிஎச் அளவையே 1909-இல் கோப்பன்ஹேகனில் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்பவர் கொண்டுவந்தாராம். அப்பா கேட்டிருந்தால், கள்ளுக்கடைப் பக்கம்கூடப் போகாத தன் கடைக்குப் பீர்க் கடைச் சாமானா என்று கேட்டிருப்பார்.

காணொளி பரவிய மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே ஐந்தாறு அக்காமார்கள் வாசலில் நின்றீர்கள். ஒருவர் எதுவும் பேசாமல் வழக்கமாக வாங்குகிற இரண்டுக்குப் பதில் நான்கு பொட்டலம் வாங்கிப் போனீர்கள். பட்டர்வொர்த்திலிருந்து பெரிப் படகு ஏறி வந்து, “அப்பா கையால வாங்கினேன், உன் கையாலயும் வாங்குவேன்” என்ற பெரியவருக்கு அன்று சரியாக நன்றி சொல்லவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. இங்கே சொல்கிறேன். நன்றிங்க ஐயா. கடன் கணக்கை அன்றைக்கே வந்து முடித்துவிட்டுப் போன இரண்டு பேருக்கும் நன்றி, ஏனென்று உங்களுக்கே தெரியும்.

காணொளி எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். பின்கட்டுக்கு வாருங்கள், மானியை உங்கள் கையிலேயே தருகிறேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பொட்டலம் 250 கிராமுக்குப் பதில் 220, விலை அதே.

இப்படிக்கு,
உங்கள் பால்கடைக்காரன்

பி.கு.: பன்னீர் பிழிந்த தண்ணீர் எப்போதும்போல இலவசம். சப்பாத்தி மாவுக்கு நன்றாக இருக்கும், லேசான புளிப்பு இருக்கும், அவ்வளவுதான். போத்தலை நன்றாகக் கழுவிக் கொண்டுவாருங்கள். சம்பால் வாடை உள்ள போத்தலில் ஊற்றித் தரமாட்டோம்.