நீலக் குழந்தைகளை காப்பாத்துன டாக்டரம்மா

ஆசிரியருக்கு வணக்கம். குழந்தைகள் மருத்துவம் பத்தி நீங்க போட்ட பக்கத்துல அமெரிக்காவோட குழந்தைகள் இதய டாக்டரம்மா ஹெலன் டாசிக் பேரே இல்லாதது எனக்கு குறையாத்தான் பட்டுது. என் தங்கச்சி மகன் கைக்குழந்தையா இருந்தப்போ அழுதா போதும், உதடும் நகமும் நீலமாயிரும், பாட்டிமாரு தோஷம்னு சொல்லி தண்ணி ஓதி குடுத்தாங்க, அப்புறம் நாகர்கோவில்ல எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பாத்து திருவனந்தபுரத்துல ஆபரேஷன் பண்ணி, இன்னிக்கு பய மார்த்தாண்டத்துல பைக்குல பறக்கான்.

இந்த மாதிரி ஆபரேஷனுக்கெல்லாம் வழி போட்டது டாசிக்தான். நுரையீரலுக்கு ரத்தம் பத்தாமதான் பிள்ளை நீலமாகுது, வேற ரத்தக்குழாய அங்க திருப்பி விட்டா என்னன்னு கேட்டது அவங்க, லேப் உதவியாளர் விவியன் தாமஸ் லேப்ல செஞ்சு பாத்தாரு, 1944 நவம்பர் 29ல பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில சர்ஜன் ஆல்ஃபிரட் பிளாலாக் ஆபரேஷன் கத்தி எடுத்தாரு. இத்தனைக்கும் அந்தம்மாவுக்கு காது சரியா கேக்காது! நெஞ்சுல விரல வச்சே இதயத்துடிப்ப படிச்சிருக்காங்க. 1962ல கர்ப்பிணிங்க சாப்பிட்ட தாலிடோமைடுங்கிற மாத்திரையால கைகால் வளராம பிள்ளைங்க பொறக்குதுன்னு ஜெர்மனிக்கே போய் பாத்துட்டு வந்து அமெரிக்காவுல எச்சரிச்சதும் இவங்கதான்.

ஞாயிறு மலர்ல ஒரு பக்கம் ஒதுக்குங்களேன், படமும் போட்டு.

– ஒரு வாசகி, தக்கலை