மைக் கூவினால் கை தட்டுகிற ஊர்

நிஷி-கசாய், டோக்கியோ
5.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது "என்னடா பின்னாடி, மிக்ஸி ஓடுதா?" என்று கேட்டீர்கள். மிக்ஸி இல்லை, பாட்டு என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். விருதுநகரில் நாற்பது வருஷம் மைக் செட் போட்ட மனுஷரிடம் அதைப் போனில் விளக்க முடியாது, போனில் கேட்டால் எல்லாமே மிக்ஸிதான். ஆபீஸ் நண்பர் ஒருவர் பொங்கலுக்கு மதுரை வருகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு சிடியையும் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் இந்த ஊர் எவ்வளவு அமைதி என்று சொன்னால்தான் மற்றது புரியும். ரயிலில் யாரும் போனில் பேச மாட்டார்கள். என் வீட்டுச் சுவர் அட்டை மாதிரி, பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் எனக்குக் கேட்கும். வந்த புதிதில் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குப் பருப்புக்குக் குக்கர் வைத்தேன். நாலு விசில். மறுநாள் காலை கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "இரவில் கேட்கும் அந்த ஒலி என்னவென்று தெரியவில்லை, தங்களுக்கு ஆபத்து ஏதும் இல்லையே" என்று அவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து ராத்திரியில் பருப்பைச் சட்டியில்தான் வேகவைக்கிறேன்.

ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசையில் ஒருவர் இருக்கிறார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நீங்கள் மைக் செட் வைத்திருந்ததாக ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். குழாய் ஸ்பீக்கர் கட்டியது, புளியமரத்தில் ஏறியது, கல்யாண வீட்டில் ரெக்கார்டு போட்டது எல்லாம். மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சனிக்கிழமை ஓய்வா?" என்று கேட்டார்.

கூட்டிக்கொண்டு போன இடம் கோயென்ஜி. எங்கள் வீட்டிலிருந்து தோசாய் லைனில் மித்தகா போகிற வண்டியாகப் பார்த்து ஏறினால் மாறாமலே போய் இறங்கலாம். (தோசை லைன் என்றுதான் நான் சொல்வேன்.) ஒரு கட்டடத்துக்கு அடியில் இறங்குகிற குறுகலான படி. உள்ளே, கல்யாண மண்டபத்தில் நாம் சாமான் இறக்கி வைப்போமே, அந்த அறை அளவுதான் இடம். நுழைவுச் சீட்டு 2,500 யென். அதற்கு மேல் கட்டாயமாக ஒரு பானம் வாங்க வேண்டும், அது 600. நான் ஊலாங் டீ வாங்கிக்கொண்டேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். முப்பது பேர் இருந்திருப்பார்கள். பக்கத்து மேசைக்காரர் பையிலிருந்து மஞ்சள் ஸ்பாஞ்சில் இரண்டு அடைப்பான் எடுத்துக் கொடுத்துக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மேடையில் மூன்று பேர். கிதார்க்காரர் வந்தார், வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஆம்ப்ளிஃபயரில் இருந்த எல்லாக் குமிழையும் வலது கோடி வரை திருகினார். கிதாரோடு ஸ்பீக்கருக்கு நேர் எதிரே போய் நின்றார். அவ்வளவுதான், கூவ ஆரம்பித்துவிட்டது.

அப்பா, என் கை தானாக எழுந்தது. உண்மையாகவே ஓர் அடி முன்னால் வைத்துவிட்டேன், ஓடிப்போய் வால்யூமைக் குறைக்க. பத்து வயதிலிருந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கை. மைக் கூவினால் பங்குனிப் பொங்கல் கூட்டமே நம்மைத் திரும்பிப் பார்க்குமே, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இங்கேயானால் ஒருத்தரும் காதைப் பொத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்புறம்தான் கவனித்தேன். அந்த ஆள் தந்தியைத் தொடவே இல்லை. இடது பக்கம் அரை அடி நகர்கிறார், கூவல் கீழே இறங்குகிறது. இடுப்பை லேசாகத் திருப்புகிறார், அதற்குள்ளிருந்து இன்னொரு சுரம் எட்டிப் பார்க்கிறது. ஒரு விரலைத் தந்தியின் மேல் பட்டும் படாமல் வைக்கிறார், நின்றுவிடுகிறது. விரலை எடுத்தால் மெதுவாக மறுபடி முளைக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வருகிற சத்தம் தந்தியை ஆட்டும், அந்த ஆட்டம் ஆம்ப்ளிஃபயருக்குள் போய்ப் பெரிதாகித் திரும்ப ஸ்பீக்கருக்கே வரும், சுற்றிக்கொண்டே இருக்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். குழாய்க்கு முன்னால் மைக்கை வைக்காதே, குழாய்க்குப் பின்னால் வை என்பீர்கள். இவர் முன்னால் வைக்கிறார், வேண்டுமென்றே. எத்தனை அடியில் எந்த சுரம் வரும் என்று கணக்கு வைத்திருக்கிறார். அந்த அடிக்கணக்கு உங்களுக்கும் தெரியும். நீங்கள் அதை வைத்துக் கூவாமல் பார்த்துக்கொண்டீர்கள்.

இவர்கள் இதை 'ஹௌரிங்கு' என்கிறார்கள். ஊளை என்று அர்த்தம். நாம் கூவுது என்கிறோம், இவர்கள் ஊளையிடுது என்கிறார்கள், பெரிய வித்தியாசம் இல்லை.

அன்று கடைசி ரயிலைத் தவறவிட்டு, இரவு முழுக்க ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் பக்கத்து மேசைக்காரர் ஒரு வருஷத்துக்கான பேச்சைப் பேசித் தீர்த்தார். அவர் சொன்னதிலேயே என்னைப் பிடித்து ஆட்டியது 'ஹதாகா நோ ராரீஸு' என்ற குழுவின் கதை. வெளிநாட்டில் அவர்களை 'லே ராலீஸ் தெனுதே' என்பார்கள். 1967-ல் கியோட்டோவில் தோஷிஷா பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது. தலைவர் மிஸுதானி தகாஷி, கிதாரும் பாட்டும் அவர்தான். முதலில் அவர்களுக்கு பாஸ் கிதார் வாசித்தவர் 1970 மார்ச்சில் தீவிர இடதுசாரி மாணவர்களோடு சேர்ந்து ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றைக் கடத்தி வடகொரியாவுக்குப் போய்விட்டார். கதை விடவில்லை, நடந்தது. அதன் பிறகு மிஸுதானி வெளியே முகம் காட்டுவதையே குறைத்துக்கொண்டார். ஆல்பமும் போடவில்லை. 1991-ல்தான் மூன்று சிடி வந்தது, அதுவும் கொஞ்சம் பிரதிகள்தான். மற்றபடி கச்சேரிக்குப் போனவர்கள் டேப் ரெக்கார்டரில் பதிந்ததும், அதிலிருந்து யார் யாரோ திருட்டுத்தனமாகப் போட்டு விற்றதும்தான். நாமும் கடையில் டி.டி.கே கேசட்டில் பதிந்து கொடுத்தவர்கள்தானே, யாரையும் குறை சொல்ல முடியாது. (டி.டி.கே இந்த ஊர்க் கம்பெனி தெரியுமா? முதல் தடவை அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.) மிஸுதானி 2019-ல் இறந்தார். அந்தச் செய்தி வெளியே தெரிய 2021 ஆகிவிட்டது, அப்படி வாழ்ந்திருக்கிறார்.

நான் அனுப்புகிற சிடி அவர்களுடையது. 1977 மார்ச் மாதம், டோக்கியோவுக்கு மேற்கே தாச்சிகாவாவில் நடந்த கச்சேரி. '77 லைவ்' என்று பெயர். 2022-ல் ஒலியைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்டார்கள். பழைய இசைத்தட்டு விற்கிற கடையில் மூவாயிரம் யென் சொச்சத்துக்கு வாங்கினேன். நம் காசில் எவ்வளவு என்று அம்மா கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

அந்தக் கடைகளை நீங்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு உறையையும் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருக்கும், 'ஓபி' என்பார்கள், கிமோனோவுக்குக் கட்டுகிற இடுப்புப் பட்டைக்கும் அதே பெயர்தான். நாமாக இருந்தால் பிரித்தவுடன் கிழித்துப் போட்டிருப்போம். இங்கே அந்தப் பட்டை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. தட்டில் கீறல் இருந்தால் எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு, ஊசி குதிக்குமா குதிக்காதா என்று சின்னச் சீட்டில் எழுதி ஒட்டியிருப்பார்கள். கேட்க வேண்டும் என்றால் கடைப்பையன் தட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே விளிம்பில் பிடித்து எடுத்து வைப்பான். விரல் படாது. உங்களைத் தவிர வேறு யாரும் அப்படி எடுத்து நான் பார்த்ததில்லை.

மெய்தாய்மயே என்ற இடத்தில் 'மாடர்ன் மியூசிக்' என்று சின்னதாக ஒரு கடை இருந்திருக்கிறது. நடத்தியவர் இகேயெஸுமி ஹிதியோ. யாரும் வெளியிடத் துணியாத குழுக்களுக்காக 1984-ல் அவரே பி.எஸ்.எஃப் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். அதன் முதல் வெளியீடு 'ஹை ரைஸ்' என்ற குழுவின் தட்டு. 1986-ல் வந்த அவர்களுடைய இரண்டாவது தட்டை நான் ஹெட்போனில் கேட்டேன். நம் டெக்கில் சத்த அளவு காட்டுகிற இரண்டு ஊசி ஆடுமே, சிவப்புக் கோட்டைத் தாண்டினால் என் தலையில் குட்டுவீர்களே, இந்தத் தட்டு முழுக்க அந்த ஊசி சிவப்பிலேயே படுத்துக் கிடக்கிறது. முதல் தடவை மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது தடவைதான் அந்தக் கரகரப்புக்குள்ளே டிரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று காதில் விழுந்தது. இகேயெஸுமி 2017-ல் காலமானார். கடையும் இப்போது இல்லை.

எல்லாமே காட்டுச் சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். 'தாஜ் மஹால் டிராவலர்ஸ்' என்று ஒரு குழு, 1969-ல் தொடங்கியது. பெயருக்கேற்ப 1970-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வேன் ஓட்டிக்கொண்டே தாஜ்மஹால் வரைக்கும் வந்திருக்கிறார்கள். தலைவர் கொசுகி தகெஹிசா வயலின் வாசிப்பார், அதை எக்கோவில் விட்டு இழுத்துக்கொண்டே போவார்கள். மெட்டு கிடையாது, தாளம் கிடையாது. கேட்கிறபோது எனக்கு நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர்தான் நினைவுக்கு வந்தார். நாயனக்காரர் மூச்சு வாங்க நிறுத்துவார், தவில்காரர் வியர்வை துடைப்பார், ஒத்து மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். அந்த ஒத்தை மட்டும் ஒரு மணி நேரம் கேட்கச் சொன்னால் எப்படி இருக்கும், அதுதான் இது. எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மா இதைப் போட்டுக்கொண்டு தூங்கலாம்.

மெர்ஸ்பௌ என்று ஒருவர் இருக்கிறார், நிஜப் பெயர் அகிதா மசாமி. வெறும் இரைச்சல்தான் அவருடைய இசை. 2000-ல் ஐம்பது சிடியை ஒரே பெட்டியில் போட்டு வெளியிட்டார். இருபது நிமிஷத்துக்கு மேல் என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். பக்கத்து மேசைக்காரர் காலை ரயிலில் அதைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறாராம். ஆனால் இந்த மெர்ஸ்பௌ பால்கூடத் தொடாத சுத்த சைவம். அம்மாவுக்கு இது ஒன்றுதான் பிடிக்கும்.

அதற்குப் பிறகும் நாலைந்து தடவை அந்தப் படி இறங்கியிருக்கிறேன். எல்லாம் நன்றாக இருந்ததா என்றால் இல்லை. இரண்டு இடத்தில் குமிழைத் திருகிவிட்டுச் சும்மா நின்றார்கள், கூவியது, அவ்வளவுதான். அதற்கு நம் ஊர் அரசியல் கூட்டம் போதும். போன மாதம் ஒன்றில் அடைப்பான் கொண்டுபோக மறந்து, இரண்டு நாள் காதில் ஙொய் என்று கேட்டது. அப்போதுதான் உங்கள் இடது காதை நினைத்துக்கொண்டேன். எத்தனை வருஷம் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். பார்சலில் ஸ்பாஞ்ச் அடைப்பான் பத்து ஜோடி வைத்திருக்கிறேன். தம்பி செட் போடப் போகிறபோது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிரிப்பான், விடாதீர்கள்.

சிடியைக் கேட்கும்போது டிரெபிளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிஷம் உங்களுக்குக் கோபம் வரும். பாஸ் கிதாரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், அது நாலைந்து சுரத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு வண்டிமாடு மாதிரி நிதானமாகப் போகும். மேலே கிதார் என்ன அட்டகாசம் செய்தாலும் அது அசையாது. கடைசிப் பாட்டு இருபது நிமிஷத்துக்கு மேல். அதைப் பகலில் போடுங்கள். குழாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள், தெருவே வாசலில் வந்து நிற்கும்.

இன்னொன்று. பரணில் பச்சைத் துணி போர்த்தி ஒரு எக்கோ மெஷின் இருக்கிறதே, நாடகத்தில் அசரீரி வந்தால் போடுவீர்களே, டேப் சுற்றுகிற மெஷின், அதைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாக அம்மா சொன்னாள். போட வேண்டாம். அதன் படத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன், மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மோட்டார் இன்னும் சுற்றுகிறதா, டேப் அறுந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

உங்கள் மகன்